புள்ளைங்களுக்கே இருக்கட்டும்

"எனக்கு எதுக்கு தம்பி பங்கு? புள்ளைங்களுக்கே இருக்கட்டும்."

இறந்துபோன மகனின் வாரிசுச் சான்றிதழில் மருமகள், பேரன், பேத்தி பெயர்களுக்குக் கீழே தன் பெயரும் இருப்பதைப் படித்துக் காட்டியபோது அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான். பக்கத்தில் மருமகள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நான் "சரிம்மா" என்றேன். பேச்சு பட்டா மாறுதலுக்குப் போய்விட்டது.

அந்த "சரிம்மா"வுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை என்பது, அதைச் சொன்ன வக்கீலான எனக்கு அப்போதே தெரியும். உறுத்துவது அதுதான்.

இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சுயசம்பாத்தியச் சொத்து 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும். மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. தந்தை அந்த வகுப்பிலேயே இல்லை, இரண்டாம் வகுப்பில்தான் வருகிறார். தாய்க்குப் பங்கு உண்டு என்பது பல குடும்பங்களுக்கு வாரிசுச் சான்றிதழ் கைக்கு வரும்வரை தெரியாது. கிறிஸ்தவர்களுக்குக் கணக்கே வேறு. இறந்தவருக்குப் பிள்ளைகள் இருந்தால் தாய்க்குப் பங்கு இல்லை. முஸ்லிம்களில் பிள்ளைகள் இருந்தாலும் தாய்க்கு ஆறில் ஒன்று உண்டு.

தாய் உயிரோடு இருக்கும்வரை இதனால் யாருக்கும் தொந்தரவு வருவதில்லை. சிக்கல் அவர் காலத்துக்குப் பிறகு. அந்த மகன் விட்டுப்போன வீட்டை 24 பாகமாக வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் ஆளுக்கு 6. தாயும் உயில் எழுதாமல் போய்விட்டார், அவர் கணவர் முன்பே இல்லை. அந்த 6 பாகம் 15ஆம் பிரிவுப்படி அவருடைய மூன்று பிள்ளைகளின் கிளைக்கு இரண்டிரண்டாகப் பிரியும். இறந்த மகனின் கிளைக்குரிய 2, பேரனுக்கு ஒன்று பேத்திக்கு ஒன்று. மருமகளுக்கு இதில் எதுவும் இல்லை. கடைசியில் மருமகள் 6, பேரன் 7, பேத்தி 7, இன்னொரு மகன் 2, மகள் 2. அண்ணன் தன் சம்பளத்தில் கட்டிய வீட்டில் தங்கைக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு வந்துவிடுகிறது.

பங்கு சின்னதுதான். ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் வீட்டை முழுசாக விற்க முடியாது. வில்லங்கச் சான்றிலும் இது தெரியாது. இறப்பால் மாறும் உரிமைக்குப் பத்திரம் கிடையாது, பத்திரம் இல்லாதது வில்லங்கத்தில் ஏறாது. பேரன் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது, அங்கே பத்திரம் பார்க்கும் வக்கீல் பழைய வாரிசுச் சான்றிதழைப் புரட்டி "பாட்டியோட வாரிசுகள் எங்கே?" என்று கேட்கும்போதுதான் வெளிவரும். இங்கும் அப்படித்தான் வந்தது. பிறகு நாத்தனார் பக்கத்திலிருந்து வக்கீல் நோட்டீஸ், அதைத் தொடர்ந்து பாகப்பிரிவினை வழக்கு.

100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்துப் பங்கை வாயால் விட்டுக்கொடுக்க முடியாது. 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தாக வேண்டும். அன்றே ஒன்றை எழுதி வாங்கியிருக்கலாமே என்று மருமகள் கேட்டார். கேட்டதில் தவறில்லை.

ஆனால் மகன் போய் நாற்பது நாள்கூட ஆகாத தாயிடம் "இதில் கையெழுத்துப் போடுங்கம்மா" என்று காகிதத்தை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்றும் படவில்லை. என்னைத் தேடி வந்தவர் மருமகள். அவருடைய வக்கீலாக இருந்துகொண்டு நானே மாமியாரின் பங்கை எழுதி வாங்கினால், அந்த அம்மாவுக்கு யோசனை சொல்ல யார் இருக்கிறார்கள்? விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நிமிடமே பங்கு போய்விடும். நாளை மருமகள் முகம் மாறினால் அவர் கையில் எதுவும் மிஞ்சாது.

இப்படிச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். ஆனால் விடுதலைப் பத்திரத்தை விட்டால் வேறு வழியே இல்லை என்பது உண்மையல்ல. ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையைத் தனக்கு வைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளுக்கு செட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே பங்கைக் கொடுக்கும் பத்திரம், எழுதலாம். 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையை அதிலேயே எழுத்தில் சேர்த்தால், அறுபது வயது கடந்தவர் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவைக் காட்டி, பராமரிக்காதபோது கோட்டாட்சியரிடம் போய்ப் பத்திரத்தையே செல்லாததாக்கக் கேட்க முடியும். நிபந்தனையை எழுதாமல் விட்டால் அந்த வாதம் தடுமாறும்.

இந்த மாதிரித் தாய்மார்களுக்கு நான் சொல்வது உயில்தான். முத்திரைத்தீர்வை கிடையாது. சாகும்வரை பங்கு அவருடையது, மனம் மாறினால் மாற்றி எழுதலாம். பதிவு கட்டாயமில்லை, இருந்தாலும் பதிந்துவிடுவது நல்லது. சாட்சிகள் இருவரும் எழுதுபவரைவிட வயதில் நன்றாக இளையவர்களாக இருக்க வேண்டும், பின்னாளில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டியிருக்கும். பலன் பெறுகிறவர் அந்த இடத்துப் பக்கமே வரக்கூடாது. அவரே முன்னின்று நடத்தினால் சந்தேகத்துக்குரிய சூழ்நிலை என்று நீதிமன்றம் துருவும். அன்று மருமகளைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, இதையெல்லாம் அந்த அம்மாவிடம் தனியாகச் சொல்ல அரைமணி நேரம் போதும். அந்த அரைமணியை நான் கொடுக்கவில்லை.

கொடுத்திருந்தால் பேரப்பிள்ளைகளுக்குத்தான் எழுதியிருப்பார் என்று சில மாதங்கள் முன்புவரை உறுதியாக நம்பினேன். சமரச மையத்தில் அந்த மகளிடம், அவர் அம்மா என் முன்னால் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். "புள்ளைங்களுக்கே இருக்கட்டும்னாங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை.

"அம்மாவுக்குப் புள்ளைங்கன்னா நாங்கதானே சார்? பேரப்புள்ளைங்களை அவங்க பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க."

நான் மருமகளைப் பார்த்தேன். அவர் அதை மறுக்கவில்லை.