டிரையட் புறப்பட்ட துறை

யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய எங்கள் கல்லூரியில் நிறுவுநர் நினைவு நாள் வந்தால் யாராவது ஒரு மாணவன் மேடையேறி, "1815ஆம் ஆண்டு ஒக்ரோபர் 23ஆம் நாள், அமெரிக்காவின் நியூபரிபோட் துறையிலிருந்து டிரையட் என்னும் பாய்க்கப்பல் புறப்பட்டது" என்று தொடங்க வேண்டும். எட்டாம் வகுப்பில் அந்த யாராவது ஒருவன் நானாகிப் போனேன். சரித்திர வாத்தியார் மூன்று பின்னேரங்கள் மாமரத்தடியில் நிறுத்தி ஒத்திகை பார்த்தார். மேடையில் ஏறியதும் நாக்கு உலர்ந்து, நியூபரிபோட்டை 'நியூபோட்' என்று விழுங்கிவிட்டேன். சபையில் ஒருவரும் கவனிக்கவில்லை. வாத்தியார் கவனித்தார். மறுநாள் அந்தப் பெயரை ஐம்பது தரம் எழுதிக் கொடுத்தேன்.

ஐம்பது தரம் எழுதிய ஊரை நேரில் பார்க்க முப்பத்தெட்டு வருடங்கள் சென்றன. பொஸ்டனில் உறவினர் வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் போனபோது ஒரு நாளை மிச்சம் பிடித்துக்கொண்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். தண்டவாளமே அந்த ஊரோடு முடிந்துவிடுகிறது.

நான் மனத்தில் கட்டி வைத்திருந்தது கொழும்புத் துறைமுகம் போன்ற ஒன்று: பாரந்தூக்கிகள், பண்டசாலைகள், புகை. இறங்கி நடந்தால் செங்கற் கடைகள் வரிசையாக நிற்கும் இரண்டு மூன்று வீதிகள், ஒரு சதுக்கம், அதற்கப்பால் பரந்து கிடக்கும் ஆறு. பலகை நடைபாதையில் நாய்களை அழைத்துக்கொண்டு மனிதர்கள் உலாவினார்கள். "உங்கள் துறைமுகம் இவ்வளவுதானா?" என்று மனைவி கேட்டாள். அவள் உடுவில் மகளிர் கல்லூரியில் படித்தவள். எங்கள் கல்லூரியின் பெருமைகளைச் சற்றுக் குறைத்தே மதிப்பிடுவது அவளது வழக்கம்.

மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைப் பார்த்து வளர்ந்தவனுக்கு மெரிமாக் ஆறு ஓர் அதிசயம்தான். நியூ ஹாம்சயர் மலைப்பக்கத்தில் இரண்டு ஆறுகள் கூடிப் பிறந்து, ஏறத்தாழ 188 கிலோமீற்றர் ஓடி இங்கே அத்திலாந்திக்கில் விழுகிறது. வழியில் லோவெல், லோரன்ஸ் போன்ற ஊர்களில் பருத்தி ஆலைகளைச் சுழற்றியதும் இதே தண்ணீர்தான். ஆனால் முகத்துவாரத்தில் மணல்திட்டு ஒன்று கிடக்கிறது. அது ஓரிடத்தில் நிற்பதில்லை. கடற்பெருக்குக்குக் காத்திருந்துதான் பாய்க்கப்பல்கள் உள்ளே வர வேண்டும், வெளியே போக வேண்டும். கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக அந்த மணல் ஊரின் கழுத்தில் கட்டிய கல்லாயிற்று.

ஊர் பிறந்த கதை நமக்குப் புதிதல்ல. நியூபரி என்ற பெரிய ஊரில் கமக்காரருக்கும் ஆற்றங்கரை வணிகருக்கும் ஒத்துப்போகவில்லை. 1764இல் கரையோரத்து 647 ஏக்கரை மட்டும் வெட்டியெடுத்துத் தனி ஊராக்கினார்கள். ஒரே குறிச்சிக்குள் இரண்டு சனசமூக நிலையங்கள் வைத்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் துண்டு நிலத்தில் கப்பல் கட்டினார்கள், ரம் வடித்தார்கள், மேற்கிந்தியத் தீவுகளோடு வியாபாரம் செய்தார்கள். கப்பல் தலைவர்களும் வணிகர்களும் ஹை வீதியில் எழுப்பிய மூன்று மாடி வீடுகள் இன்னும் நிற்கின்றன.

அந்த வீதியில் வாழ்ந்த திமொதி டெக்ஸ்ரர் என்பவரை எங்கள் வாத்தியார் ஏன் சொல்லித்தரவில்லை என்று எனக்கு இன்றும் வருத்தம். தோல் பதனிட்டுப் பிழைத்தவர், திடீர்ப் பணக்காரர், தன்னைத் தானே 'பிரபு' ஆக்கிக்கொண்டவர். குளிர்நாட்டில் படுக்கையைச் சூடாக்கும் தட்டங்களை வெயில் கொளுத்தும் மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஏற்றி அனுப்ப, அங்கே அவற்றைக் கருப்பஞ்சாற்றுப் பாகு அள்ளும் அகப்பையாக வாங்கிக்கொண்டார்கள் என்று கதை. எவ்வளவு உண்மையோ! வீட்டு முற்றத்தில் உலகப் பெரியார்களின் மரச்சிலைகளை நாற்பதுக்கு மேல் நிறுத்தி, நடுவே தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டது மட்டும் உண்மை. ஒரு நிறுத்தக்குறியுமின்றி, ஒரு காற்புள்ளிகூட இல்லாமல் புத்தகம் ஒன்று எழுதினார். வாசகர் முறையிட்டதும், அடுத்த பதிப்பில் ஒரு பக்கம் முழுக்கப் புள்ளிகளையும் காற்புள்ளிகளையும் அச்சிட்டு, உப்பும் மிளகும் போல் வேண்டிய இடத்தில் தூவிக்கொள்ளுங்கள் என்றார். நம் ஏட்டுச் சுவடிகளைப் படித்துப் பழகியவர்கள் முறையிட்டிருக்கமாட்டார்கள்.

சுங்க மாளிகையருகே நின்று ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தபோதுதான், மேடையில் நான் ஒப்புவித்த வசனத்துக்குள் என்ன இருந்தது என்று எனக்குப் புரிந்தது.

1803இல் மிடில்செக்ஸ் கால்வாய் திறந்ததும், மெரிமாக் வழியாக இங்கே மிதந்து வந்த மலைப்பக்கத்து மரம் நேரே பொஸ்டனுக்குத் திரும்பிவிட்டது. 1807 டிசம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஜெபர்சன் வெளிநாட்டு வணிகத்துக்கே தடை விதித்தார். கப்பல்கள் துறையில் கட்டியபடி உக்கின. 1811 மே 31ஆம் நாள் இரவு ஒரு குதிரை லாயத்தில் பிடித்த தீ, ஏறத்தாழ 250 கட்டிடங்களைத் தின்றது. அதற்குப் பின்னர்தான் நடுப்பட்டினத்தில் உயரமான மரக்கட்டிடம் கூடாதென்று சட்டம் வந்தது. இன்று பார்த்து மெச்சும் செங்கல் வீதிகளெல்லாம் அந்தச் சாம்பலின் மேல் எழுந்தவை. அடுத்த ஆண்டே இங்கிலாந்தோடு போர். 1815 தொடக்கத்தில்தான் அது ஓய்ந்தது. அதே ஆண்டு ஜூன் 21இல் இங்கே ஆறு இளைஞருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். ஒக்ரோபரில் அவர்களில் ஐவர் டிரையட்டில் ஏறினார்கள்; ஒருவர் பம்பாய்க்கு, மற்ற நால்வர் இலங்கைக்கு.

செல்வம் கொழித்த தேசமொன்று மிஞ்சியதை நமக்கு அனுப்பியது என்றே நான் எண்ணியிருந்தேன். அனுப்பி வைத்ததோ எரிந்து, முடங்கி, போரிலிருந்து அப்போதுதான் தலைதூக்கிய துறை. அந்த இளைஞர்கள் இவ்வூர்ப் பிள்ளைகள் அல்லர். ஆனால் இவ்வூர்ப் போதகர் சாமுவேல் ஸ்பிரிங் அமெரிக்க மிஷன் சங்கத்தைத் தொடக்கியவர்களில் ஒருவர். 1810இல் ஆற்றின் மேற்பக்கத்து பிராட்போட்டுக்குக் குதிரை வண்டியில் போகும் வழியில், இன்னொரு போதகரோடு பேசிப் பிறந்த யோசனை அது என்பார்கள். வாரம் ஒரு சதம் சேர்த்த பெண்கள் சங்கங்கள் நியூ இங்கிலாந்து எங்கும் இருந்தன. அந்த மிஷன் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியில் பணம் தந்தவர் பெயரைப் பிள்ளைக்கு வைத்த வழக்கம் எங்கிருந்து வந்ததென்று இப்போது விளங்குகிறது. அங்கே படித்த கரோல் விசுவநாதபிள்ளை என்ற பெயரின் முன்பாதி எங்கோ ஒரு வீட்டுப் பணப்பெட்டியிலிருந்து வந்தது. பெயரை மாற்றியது சரியா என்பது வேறு கதை. அதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

ஊரைத் தூய்மையானதாகக் காட்டவும் நான் விரும்பவில்லை. பிரௌண் சதுக்கத்தில் வில்லியம் லொயிட் கரிசனின் சிலை நிற்கிறது. 1805இல் இங்கே பிறந்து, பதின்மூன்று வயதில் உள்ளூர்ப் பத்திரிகையில் அச்சுக் கோக்கப் பழகியவர். அடிமை முறைக்கு எதிராக அமெரிக்காவில் எழுந்த மிகக் கடுமையான குரல் அவருடையது. அவரைச் சிறைக்கு அனுப்பியதும் இந்த ஊர்க்காரர்தான். பிரான்சிஸ் ரொட் என்ற நியூபரிபோட் வணிகரின் கப்பல் பால்ரிமோரிலிருந்து நியூ ஓர்லியன்சுக்கு அடிமைகளை ஏற்றியது. கரிசன் அதை எழுதினார். அவதூறு வழக்கு. தண்டப் பணம் கட்ட முடியாமல் 1830இல் ஏழு வாரம் பால்ரிமோர் சிறையில் இருந்தார். ஒரே ஆற்றங்கரையில் பிறந்த இருவர்!

பிறகு வேகக் கப்பல்களின் காலம் ஒன்று வந்தது. 1853இல் இங்கே கட்டி நீரில் இறக்கிய டிரெட்நோட், நியூயோர்க்கிற்கும் லிவர்பூலுக்கும் இடையே பேர் வாங்கியது. அதுவும் நீராவியோடு போயிற்று. துணியாலை, சப்பாத்துத் தொழிற்சாலை, வெள்ளிப் பாத்திரம் என்று ஊர் காலம் தள்ளியது. 1930களில் லொயிட் வார்னர் என்ற ஆய்வாளர் குழுவோடு வந்திறங்கி, ஊரின் பெயரை மறைத்து, இங்கே மனிதர் ஆறு அடுக்குகளாக வாழ்கிறார்கள் என்று எழுதினார். பழைய பணம் மேல், புதுப் பணம் அதற்குக் கீழ், இப்படியே. மனைவி சிரித்தாள். "இதற்கு அமெரிக்கா வரை வர வேண்டுமா?"

1960களில் நடுப்பட்டினம் பாழடைந்து, இடித்துத் தள்ளத் திட்டம் போட்டார்கள். ஒரு பகுதியை இடித்தும்விட்டார்கள். மீதியை ஊரார் விடவில்லை. இடிப்பதற்கென வந்த மத்திய அரசின் பணத்தைப் பழுதுபார்க்கத் திருப்பினார்கள். அந்தச் சுவர்களைத் தொட்டுப் பார்த்தபோது எங்கள் பழைய மண்டபம் நினைவுக்கு வந்தது. 1990இல் போரினால் ஊரோடு கல்லூரியும் இடம்பெயர்ந்த பின், நான் அந்த மண்டபத்தைக் கண்ணால் காணாமல் கழித்த வருடங்கள் பல.

மாலையில் நடைபாதை வாங்கில் ஒரு முதியவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். டிரையட் கதையைச் சொன்னேன். இம்முறை ஊரின் பெயரை விழுங்காமல். அவர் அந்தக் கப்பலைக் கேள்விப்பட்டதில்லை. கொழும்புக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்றார். 1816 மார்ச் 22, ஐந்து மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்றேன். ஆற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"அவர்கள் திரும்பி வந்தார்களா?"

நிறுவுநர் நாள் பேச்சில் அந்தக் கேள்விக்கு இடமிருக்கவில்லை. புறப்பட்டதும் வந்ததும் மட்டுமே பாடம். தெரிந்ததைச் சொன்னேன். எட்வேட் வாரன் 1818இல் நன்னம்பிக்கை முனையில் இறந்தார். ஜேம்ஸ் ரிச்சட்ஸ் 1822இல். வண. டானியல் பூவரின் மனைவி சூசன் 1821இல் தெல்லிப்பழையிலேயே. பூவர் ஒருமுறை இங்கே வந்து போனார். ஆனாலும் 1855இல் வாந்திபேதி கண்டு மானிப்பாயில் கண்ணை மூடினார். நால்வரில் கடைசியாக ஊர் திரும்பியது பெஞ்சமின் மெய்க்ஸ் ஒருவரே, நாற்பது வருடங்களுக்கு மேல் கழித்து.

முதியவர் சட்டைப்பையிலிருந்து சிறு கொப்பியும் பேனாவும் எடுத்து என்னிடம் நீட்டினார். தெல்லிப்பழை என்பதை எழுதித் தரச் சொன்னார். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். வாசிக்கப் பார்த்தார், பாதியை விழுங்கிவிட்டார். மனைவி கொப்பியை வாங்கி, கீழே தமிழிலும் எழுதி, ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டத் தொடங்கினாள். பொஸ்டன் ரயிலுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது.