போல்டை எங்கே மூடுவது

சென்னை ஓட்டேரியில் ஸ்ட்ரஹான்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். மனு, வாடகை ஒப்பந்தம், காலேஜ் புராஜெக்ட், வளைகாப்புப் பத்திரிகைக்கு மேட்டர் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று நிற்கிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே தொந்தரவுதான். ஒரு வார்த்தையை போல்டாக, அதாவது தடித்த எழுத்தாக மாற்றினேன், அதற்கப்புறம் அடிப்பதெல்லாம் போல்டாகவே வருகிறது என்பார்கள்.

நான் டைப் அடிக்கக் கற்றது டைப்ரைட்டர் மிஷினில். தண்டையார்பேட்டையில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் என்ற இரண்டு டைப்பிங் பரீட்சையும் முடித்தேன். மிஷினில் ஒரு சொல்லுக்கு அடிக்கோடு போட வேண்டுமென்றால் முதலில் சொல்லை அடிக்க வேண்டும். அப்புறம் பேக்ஸ்பேஸில் பின்னால் வந்து, அதன் அடியில் கோட்டை அடிக்க வேண்டும். அழுத்தமாகத் தெரிய வேண்டுமா, அதே எழுத்தின் மேலேயே இன்னொரு தடவை அடிக்க வேண்டும். அடித்த கையோடு அந்த வேலை முடிந்தது. அடுத்த எழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

கம்ப்யூட்டர் அப்படியில்லை. அங்கே புது எழுத்து, தனக்கு முன்னால் நிற்கும் எழுத்தைப் பார்த்து அதன் சட்டையையே போட்டுக்கொண்டு வருகிறது. போல்டுக்காக கன்ட்ரோல்-பி அழுத்துவது குழாயைத் திறப்பது மாதிரி. குடம் நிறைந்ததும் நாமே மூட வேண்டும், இன்னொரு முறை அதே கன்ட்ரோல்-பி. இது பலருக்கும் தெரியும். எந்த இடத்தில் மூடுவது என்பதில்தான் தவறு நடக்கிறது. சொல்லை அடித்து, ஸ்பேஸையும் தட்டிவிட்டு, அதற்குப் பிறகு மூடுகிறார்கள். அந்த ஸ்பேஸ் போல்டாகவே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து அந்த இடத்தில் ஒரு சொல்லை நுழைத்தால் அது தடியாக வந்து நிற்கும். ஆகவே கடைசி எழுத்து முடிந்ததும் மூடிவிட்டு அப்புறம் ஸ்பேஸைத் தட்டுங்கள். அடிக்கோடு என்றால் இந்தத் தவறு உடனே தெரிந்துவிடும், சொல்லுக்குப் பின்னால் ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கும்.

வரி காலியாக இருந்தால் புது எழுத்து எதைப் பார்த்து வரும்? பத்தியின் முடிவில் ஒரு குறி இருக்கிறது. வேர்டில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-8 அழுத்தினால் திருப்பிப் போட்ட ஆங்கில 'பி' மாதிரி தெரியும். அந்தக் குறிக்கும் எழுத்துரு உண்டு, போல்டு உண்டு. எழுத்தையெல்லாம் அழித்த பிறகும் பழைய குணம் போகமாட்டேன் என்கிறதென்றால், அழியாமல் நிற்கும் அந்தக் குறியில்தான் அது ஒளிந்திருக்கிறது.

எதுவும் புரியவில்லை என்றால் வேர்டில் கன்ட்ரோல்-ஸ்பேஸ். லிப்ரே ஆபீஸ் வைத்திருந்தால் கன்ட்ரோல்-எம். எழுத்தின் மேல் நாம் கையால் பூசியதெல்லாம் கழன்று, அந்தப் பத்திக்கு உரிய வெறும் எழுத்து வந்துவிடும். வாட்ஸ்அப்பிலிருந்து, இணையப் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டும் மேட்டருக்கும் இதுவே மருந்து.

தமிழில் அடிக்கிறவர்களுக்குத் தனியாக இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இட்டாலிக் வேண்டாம். சாய்வெழுத்து, ஆங்கிலம் எழுதும் ரோமன் எழுத்தின் அச்சுக்கென்று தனியாக வரைந்து வளர்ந்த ஒன்று. விண்டோஸோடு வரும் லதாவிலோ நிர்மலாவிலோ அப்படித் தனியாக வரைந்த சாய்வு கிடையாது. கன்ட்ரோல்-ஐ அழுத்தினால் நேராக நிற்கும் எழுத்தைக் கம்ப்யூட்டர் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது, அவ்வளவுதான். பார்க்கவே பாவமாக இருக்கும். நான் ஒற்றை மேற்கோள்குறி போட்டுவிடுவேன். இன்னொன்று, பத்து பாயின்ட் மாதிரி சின்ன அளவில் போல்டு போடாதீர்கள். ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுக்கிற ஊர் இது. இரண்டாவது நகலிலேயே சுழிகள் அடைத்துக்கொண்டு எது ண, எது ன என்று தெரியாமல் போகும். மனுவில் பெயர் மாறிப்போனால் அலையப்போவது யார்?

சரி, இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததே ஒரு பெரியவரால்தான்.

பட்டாளம் என்ற பகுதியிலிருந்து வந்தார். பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். பேரப்பிள்ளைகளுக்காக மில்லைப் பற்றித் தன் கைப்பட எழுதியிருந்தார். மில்லு சங்கு ஊதுவதை வைத்து வீட்டில் உலை வைத்தது முதல், 1996-ல் மில்லை மூடியது வரைக்கும். பாதியை அவர் மகள் 2003-ல் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து டைப் செய்திருக்கிறார். அந்த மகள் இப்போது இல்லை. அந்த ஃபைல் ஒரு பென் டிரைவில் இருந்தது. மீதி நோட்டில்.

ஃபைலைத் திறந்தேன். பாமினி எழுத்துரு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு அளவு, ஒரு நிறம். பழக்க தோஷத்தில் எல்லாவற்றையும் செலக்ட் செய்து கன்ட்ரோல்-ஸ்பேஸ் அழுத்திவிட்டேன்.

அத்தனை பக்கமும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகிவிட்டது.

"இன்னாம்மா, எய்த்தெல்லாம் பூட்ச்சா?" என்றார். அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது. உடனே கன்ட்ரோல்-இசட் அழுத்தினேன், தமிழ் திரும்பி வந்தது. "ஒண்ணும் போகலை ஐயா, எல்லாம் இருக்கு" என்று சொல்லி ஸ்டூலில் உட்காரவைத்தேன். எனக்கும் கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. முதல் வேலையாக ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். யூனிகோடில், அதாவது ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு கொடுக்கும் பொது முறையில், 'அ' என்றால் கம்ப்யூட்டருக்குள்ளேயும் அது 'அ'தான். எந்த எழுத்துருவைக் கழற்றினாலும் 'அ'வாகவே நிற்கும். பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். 'அம்மா' என்று திரையில் தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். தமிழ் மேலே போர்த்திய துணி மட்டும்தான். வேறு இடத்தில் எழுத்துரு என்பது அலங்காரம். இந்த மாதிரி ஃபைலில் எழுத்துருதான் மொழியே. அதைக் கழற்றினால் மொழி போய்விடும். பழைய தமிழ் ஃபைல் எது கைக்கு வந்தாலும், முதலில் ஒரு சொல்லின் மேல் கர்சரை வைத்து எழுத்துருவின் பெயரைப் பார்த்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

யூனிகோடுக்கு மாற்ற கன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் அதில் போடுவதற்கு வெறும் எழுத்தாக எடுத்து ஒட்டும்போது எழுத்துரு போய்விடும். நடுநடுவே மகள் டைம்ஸ் நியூ ரோமனில் அடித்திருந்த மிஷின் பெயர்கள், டிபார்ட்மென்ட் பெயர்கள் எல்லாவற்றையும் அது தமிழ் என்று நினைத்துக் குதறிவிடும். எது தமிழ், எது ஆங்கிலம் என்பதற்கு அந்த ஃபைலில் இருந்த ஒரே சாட்சி எழுத்துருதான். அதனால் கன்ட்ரோல்-எச் அழுத்தி, தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து, தேடும் கட்டத்தில் எழுத்து எதுவும் அடிக்காமல், ஃபார்மட்டில் டைம்ஸ் நியூ ரோமனை மட்டும் கொடுத்துத் தேடினேன். முப்பத்தேழு இடம். ஒவ்வொன்றையும் ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு, அந்த இடத்தில் 9001, 9002 என்று எண் போட்டேன். முதலில் சதுர அடைப்புக்குறி போடலாமென்று நினைத்தேன், பாமினியில் அது 'ஜ' ஆகிவிடும். எண்கள் எண்களாகவே தப்பித்து வந்தன. மாற்றி முடித்து ஆங்கிலச் சொற்களைத் திரும்ப அந்தந்த இடத்தில் வைத்தேன். இரண்டு ராத்திரி வேலை.

அப்புறம் நோட்டில் இருந்த பாதி. பெரியவர் ஒன்றே ஒன்று கேட்டார். கூட வேலை பார்த்தவர்களில் இறந்துபோனவர்கள் பெயர் மட்டும் தனியாகத் தெரிய வேண்டும். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதையும் எழுதியிருந்தார். அந்தச் சங்கத்தின் தலைவர்கள் வாடியா, திரு.வி.க. பெயரையும் தடித்த எழுத்தில் போடட்டுமா என்று கேட்டேன். "அவங்க பேரு எல்லா புக்குலயும் கீதும்மா. எதுலயும் இல்லாதவன் பேரு மட்டும் போடு" என்றார்.

நூறு பெயருக்கு மேல் வரும் என்று தெரிந்ததால் கன்ட்ரோல்-பி பக்கமே போகவில்லை. எழுத்துக்கான ஸ்டைல் (எழுத்தின் தோற்றத்தை ஒரே பெயரில் கட்டி வைப்பது) ஒன்று உருவாக்கி, அதில் போல்டைக் கொடுத்து, 'தோழர்' என்று பெயர் வைத்து, அதற்கு ஒரு ஷார்ட்கட்டும் கொடுத்தேன். பெயர் வரும்போது ஷார்ட்கட், முடிந்ததும் கன்ட்ரோல்-ஸ்பேஸ். மகள் அடித்த பாதியிலும் தேடித் தேடி அதே ஸ்டைலைப் போட்டேன். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பெயர்.

பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். நாலு பக்கம் புரட்டினார். முகம் வாடிவிட்டது. "கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி கீதும்மா." எனக்கும் அது சரியென்றே பட்டது. மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், வந்தவன் பெயருக்குக் கீழே மேஸ்திரி பென்சிலால் ஒரு கோடு இழுப்பாராம், அது மாதிரி முடியுமா என்று கேட்டார். 'தோழர்' ஸ்டைலைத் திறந்து போல்டை எடுத்தேன், அடிக்கோட்டைப் போட்டேன், ஓகே கொடுத்தேன். நூற்றுப் பன்னிரண்டு பெயரும் ஒரே நொடியில் மாறின. கையால் போல்டு போட்டிருந்தால் ஒவ்வொன்றாகத் தேடிப் போயிருக்க வேண்டும், நாலைந்து கண்டிப்பாக விட்டுப்போயிருக்கும்.

புதுப் பிரின்டை வாங்கி, ஒவ்வொரு கோட்டின் மேலும் விரலை வைத்து வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனார். ஸ்டூலிலேயே முக்கால் மணி நேரம். கடைசிப் பக்கம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். ஸ்பின்னிங்கில் இருந்த ஒருவர் பெயரை நோட்டிலேயே விட்டுவிட்டாராம். எங்கே வர வேண்டும் என்று காட்டினார். முப்பத்தோராம் பக்கம், இரண்டு பெயருக்கு நடுவில். கர்சரை அங்கே வைத்து, ஷார்ட்கட்டை அழுத்தி, பெயரை அடித்து, கன்ட்ரோல்-ஸ்பேஸ் அழுத்தி, ஒரு கமா போட்டேன்.