எட்டுக் கட்டங்களும் ஒரு புட்டி கறுப்பு மையும்

எனக்குப் படம் வரைய வராது. நாற்காலியைப் பார்த்து வரைந்தால், அது நாற்காலிதான் என்று நானே பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கும். எந்த உருவமும் இல்லாத அருவ ஓவியத்துக்கு அந்தத் தொல்லை இல்லையே, மனதில் இருப்பதைக் கிறுக்கினால் போதுமே என்றுதான் இறங்கினேன். ஆறு வாரம் ஆகிறது. கிறுக்குவதும் சுலபமாக இல்லை.

முதல் நாள் ஒரு ஏ3 தாளை எட்டாக மடித்தேன். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளுக்கும், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளுக்கும், கட்டத்துக்கு ஒன்று: நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை (மகிழ்ச்சி). உருவமோ அடையாளமோ கூடாது, கோடும் புள்ளியும் கறையும் மட்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். 2பி பென்சிலில் இருபதே நிமிடத்தில் எட்டும் முடிந்துவிட்டது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வெகுளிக்குக் கூர்கூரான வெட்டுகள், அழுகைக்குத் தொங்கிப்போன வளைவுகள், உவகைக்குச் சுருள்கள்.

1921இல் ஹெல்கே லுண்ட்ஹோம் என்ற உளவியலாளர், உணர்ச்சிச் சொற்களைக் கொடுத்து அவற்றுக்குக் கோடு போடச் சொல்லி ஆராய்ந்திருக்கிறார். அவருக்கும் சினத்துக்குக் கூர்முனைகளும் சோகத்துக்குக் கீழே சரியும் வளைவுகளும்தான் கிடைத்தன. நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ போட்ட கோட்டையே நானும் போட்டிருக்கிறேன். வெகுளி என்ற சொல்லுக்குப் படம் போட்டேனே தவிர, அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை.

சரி, கை பழகிய வழியில் போக முடியாதபடி செய்வோம் என்று கருவியை மாற்றினேன். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் நீண்ட கழியின் நுனியில் கரியைக் கட்டி வரைந்தவர். நானும் ஒரு மீட்டர் குச்சியில் தூரிகையைக் கட்டி, தாளைத் தரையில் விரித்து, நின்றபடி அச்சத்தை வரைந்தேன். கோடு நடுங்கியது. ஆகா என்று இருந்தது. ஆனால் அது அச்சத்தின் நடுக்கமா, குச்சியின் கனமா? தெரிந்துகொள்ள அதே குச்சியால் உவகையையும் வரைந்தேன். அதுவும் நடுங்கத்தான் செய்தது.

இரண்டு தாளையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்த பிறகுதான் வேறுபாடு பிடிபட்டது. உவகையில் கை நிற்கவே இல்லை. அச்சத்தில் நான்கு இடங்களில் தயங்கி நின்றிருக்கிறேன்; அங்கெல்லாம் மை ஊறிக் குளம்போலப் பரவியிருந்தது. கோட்டின் வடிவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், கை எங்கே விரைந்தது, எங்கே நின்றது, எவ்வளவு அழுத்தியது என்பதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். மெய்ப்பாடு என்ற சொல்லிலேயே மெய், அதாவது உடம்பு, இருக்கிறது. அதன்பிறகு கருவி எதை எடுத்தாலும் முதலில் வேகத்தையும் அழுத்தத்தையும் மட்டும் மாற்றிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

நடுவில் வேறு சில சோதனைகள். 1925இல் மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஓவியர் மரத்தரையின் மேல் தாளை வைத்துப் பென்சில் கரியால் தேய்த்தாரே, அதுபோலச் சுவர், வலை, பாய் எல்லாவற்றையும் தேய்த்தேன். அழகாக வந்தது, அவ்வளவுதான். இளிவரலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அமெரிக்க ஓவியர் சை டுவாம்ப்ளி ராணுவத்தில் இருந்த காலத்தில் இருட்டில் வரைந்து பழகினார் என்று படித்துவிட்டு விளக்கை அணைத்து வரைந்தேன். கோடு தாளைத் தாண்டி மேசைக்குப் போனது. அந்தக் கறை இன்னும் போகவில்லை.

மெழுகுவர்த்தி மட்டும் ஏமாற்றவில்லை. வெள்ளைத் தாளில் மெழுகால் கோடிழுத்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. மேலே நீர்த்த மையைப் பூசியதும் மெழுகு பட்ட இடமெல்லாம் வெள்ளையாக எழுந்து வரும். முதல் தடவை மையைக் கெட்டியாகவே பூசி எல்லாவற்றையும் மூடிவிட்டேன். இப்போது ஒரு பங்கு மைக்கு ஐந்து பங்கு தண்ணீர். தாளும் 300 ஜிஎஸ்எம், தடித்த தாள். மெல்லிய தாள் அலையலையாக நெளிந்துவிடுகிறது. மருட்கைக்கு இதைவிடப் பொருத்தமான வழி தெரியவில்லை, வரைந்தவனுக்கே வியப்பாக இருக்கிறதே.

வெகுளி தானாகவே வந்தது. நான்காம் வாரம், தொலைபேசியில் ஒருவரிடம் சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் வைத்துவிட்டு, நேரே சார்கோலை, வரையும் கரிக்குச்சியை, எடுத்தேன். தாள் முழுக்க வெட்டித் தள்ளப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். கை போனது இடது மூலைக்கு. ஐந்து சென்டிமீட்டருக்குள் குட்டிக் குட்டிக் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. கரி இரண்டு தடவை முறிந்தது, தாளின் மேல்தோல் உரிந்தது. மீதித் தாள் வெறுமை. முதல் நாள் போட்ட வெட்டுக்கோடுகள் இதன் பக்கத்தில் பொம்மைச் சண்டை மாதிரி இருக்கின்றன.

அழுகைதான் இழுத்தடித்தது. மறுபடி மெய்ப்பாட்டியலைப் புரட்டினேன். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று அழுகை நான்கு வழியில் பிறக்கிறது. நான் நான்கையும் ஒரே கட்டத்தில் அடைத்துக்கொண்டிருந்தேன். இழவை, அதாவது இழப்பை, மட்டும் எடுத்துக்கொண்டேன். தாள் முழுக்கச் சார்கோலால் நிதானமாக, பிடித்தமாதிரி வரைந்தேன். அப்புறம் துணியால் துடைத்தேன். சார்கோல் முழுசாகப் போகாது, நிழல் தங்கிவிடும். பிசையும் ரப்பரால் ஒற்றி ஒற்றி இன்னும் கொஞ்சம் எடுத்தேன். முதல் இரண்டு தாளும் வெறும் அழுக்காகத்தான் இருந்தன. நன்றாக வந்ததையே அழிக்க மனம் வராமல், மூன்றாவதை ஒருநாள் அப்படியே வைத்திருந்து மறுநாள்தான் துடைத்தேன்.

அதைச் சுவரில் ஒட்டியிருந்தபோது வீட்டில் கேட்டார்கள்: “இங்க முன்னாடி ஏதாவது இருந்துச்சா?”

கரி உதிராமல் நிலைப்படுத்தும் ஸ்பிரே அடித்து எடுத்து வைத்துவிட்டேன். பெருமிதத்துக்கு இன்னும் ஒரு கோடுகூடப் போடவில்லை.