முகத்துக்கு ஓர் அங்குலம் முன்னால்

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காக எங்கள் கராத்தே பயிற்சிக்கூடத்தில் ஒரு படிவம் வைத்திருக்கிறோம். 'கராத்தே கற்றுக்கொள்ள ஏன் விரும்புகிறாய்?' என்று அதில் ஒரு கேள்வி உண்டு. பெற்றோர் நிரப்பினால் ஒழுக்கம், தன்னம்பிக்கை, உடற்பயிற்சி என்று வரும். பிள்ளையே எழுதினால்தான் உள்ளே இருக்கும் சங்கதி வெளியே வரும். 'அண்ணனை அடிக்க' என்று ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி எழுதியிருந்தாள். அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நான் சேர்ந்தபோது என்னிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயரைத்தான் எழுதியிருப்பேன்: 'டபிள்யூ.எம்.ஏ.சி. மாஸ்டர்ஸ்'.

1995இல் மதுரையிலிருந்து நியூஜெர்சிக்கு வந்து இறங்கியபோது எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குக் கணினி நிறுவனத்தில் வேலை. பள்ளியில் ஆசிரியை பேசுவதில் பாதி புரியாது; தொலைக்காட்சியில் முக்கால்வாசி புரியாது. வார இறுதிக் காலையில், அம்மா தோசை வார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், இந்த நிகழ்ச்சி மட்டும் எனக்கு முழுசாகப் புரிந்தது. ஒருவர் அடிக்கிறார், மற்றவர் தடுக்கிறார், விழுகிறார், எழுந்து வணங்குகிறார். இதில் மொழி எங்கே வருகிறது?

1995 முதல் 1997 வரை இரண்டே பருவங்கள்தான் அது ஓடியது. இன்று பார்க்கிறவர்களுக்கு அதன் அமைப்பு வினோதமாகத் தோன்றக்கூடும். உலகத் தற்காப்புக் கலை மன்றம் என்று ஒன்று இருப்பதாகக் கற்பனை. அதன் வீரர்கள் ஒளிவெள்ளத்தில் நனைந்த அரங்கில் மோதுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர், ஒரு சின்னம். வெற்றி பெறப் பெற இடுப்பிலிருக்கும் 'டிராகன் பெல்ட்'டில் சின்னங்கள் கூடிக்கொண்டே போகும். எல்லோருடைய கண்ணும் 'டிராகன் ஸ்டார்' பட்டத்தின் மேல். சில சுற்றுகளில் கறுப்பு உடை நிஞ்ஜாக்கள் நாலாபுறமும் பாய்ந்து வருவார்கள். நடுவே அந்த வீரர்களே குழந்தைகளிடம் பேசுவார்கள்: கோபம் வந்தால் என்ன செய்வது, வீண் சண்டையிலிருந்து எப்படி விலகுவது என்று. அந்தப் பகுதி புரிய எனக்கு ஓராண்டு பிடித்தது. புரிந்த நாளில், இந்த நாட்டின் மொழி எனக்கு வந்துவிட்டது என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

எனக்கும் ஒரு சின்னம் வரைந்து வைத்திருந்தேன். தாத்தாவின் சிலம்பக் கம்பு, அதைச் சுற்றி ஒரு வட்டம். பழைய பாவாடை நாடாதான் பெல்ட். எதிரி இல்லாத வாரங்களில் நானே வென்று நானே சின்னம் ஒட்டிக்கொள்வேன்.

முதல் பருவத்தைத் தொகுத்து வழங்கியவர் ஷேனன் லீ, புரூஸ் லீயின் மகள். அவருடைய அண்ணன் பிராண்டன் லீ 1993 மார்ச் மாதம் படப்பிடிப்பில் நேர்ந்த துப்பாக்கி விபத்தில் இறந்துபோனவர். அவரைச் சுடுவதுபோல் நடிக்க வேண்டிய காட்சி அது. சிறுமியாக இருந்தபோது இது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அந்தப் பெண்ணின் சிரித்த முகத்தை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. அண்ணனை நடிப்புக் களத்தில் இழந்து இரண்டு ஆண்டுகளில், இன்னொரு நடிப்புக் களத்தின் நடுவில் வந்து நின்றிருக்கிறார்.

ஆம், நடிப்புக் களம்தான். பதின்மூன்று வயதில் அதை நான் தெரிந்துகொண்டேன். அப்போது கராத்தே வகுப்பில் சேர்ந்திருந்தேன். மூத்த மாணவன் ஒருவன் போகிற போக்கில் சொன்னான்: "அதெல்லாம் முன்னாலேயே அமைத்த சண்டை. யார் ஜெயிப்பது என்று எழுதி வைத்துவிடுவார்கள்." வீட்டுக்கு வந்து நாடாவிலிருந்து சின்னங்களைப் பிய்த்தெடுத்தேன். அழவில்லை. வெகுநாள் கழித்து, அழுதிருந்தால் சீக்கிரம் ஆறியிருக்குமோ என்று நினைத்ததுண்டு. அவ்வளவு ஏமாற்றம். அந்த நிகழ்ச்சியைப் பற்றிய பேச்சே பிறகு என்னிடம் எழவில்லை, பயிற்சியாளராக வேலைக்கு வரும்வரை.

2007இல் வேலைக்கு வந்தேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த வேலை கையும் காலும் வீசுவதாகத் தெரியும். உண்மையில் பாதி நேரம் மூக்கு துடைத்துவிடுவதிலும் பெல்ட் கட்டிவிடுவதிலும் போகிறது. மீதிப் பாதி நிறுத்துவதில் போகிறது. "யமே!" என்பது ஜப்பானிய மொழியில் 'நிறுத்து'. ஒரு மாலையில் அதை எத்தனை முறை கத்துகிறேன் என்று எண்ணியதில்லை. தொண்டை கணக்கு வைத்திருக்கும். குத்தக் கற்றுக்கொடுப்பது சுலபம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது பிறவியிலேயே தெரியும். குத்திய கையை எதிராளியின் முகத்துக்கு ஓர் அங்குலம் முன்னால், முழு வேகத்தில், நிறுத்தக் கற்றுக்கொடுக்கத்தான் ஆண்டுகள் ஆகின்றன. ஜப்பானியர் அதைச் 'சுன்தொமே' என்பார்கள். சின்னப் பிள்ளைகளின் போட்டிகளில் முகத்தைக் கை தொட்டுவிட்டாலே தண்டனை உண்டு.

பெரியவர்களிடமும் இது எவ்வளவு கறாரான விதி என்பதை உலகம் டோக்கியோ ஒலிம்பிக்கில் பார்த்தது. 2021 ஆகஸ்டில், ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிச் சுற்று. சவூதி அரேபியாவின் தாரெக் ஹமேதி முன்னிலையில் இருந்தார். அவர் உதைத்த உதை ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதேயின் கழுத்தோரம் விழுந்தது. ஈரானியர் நினைவிழந்து தரையில் கிடந்தார்; தூக்குப்படுக்கையில் கொண்டுபோனார்கள். தங்கம் அவருக்கே போனது. அளவுமீறிய தாக்குதலுக்காக ஹமேதி தகுதி நீக்கம் செய்யப்பட்டு, வெள்ளியோடு அழுதுகொண்டு நின்றார். மறுநாள் வகுப்பில் பெற்றோர் பலர் என்னிடம் வந்து, இது என்ன நியாயம் என்று கேட்டார்கள். எனக்கு அந்த இளைஞருக்காக நெஞ்சு வலித்தது. ஆனாலும் நடுவர் இருக்கையில் நான் இருந்திருந்தால் அதே தீர்ப்பைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்தத் தீர்ப்பு எனக்குப் புரிந்ததற்கு, அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு நான் செய்த ஒரு பிழை காரணம்.

ஊர் இலையுதிர்காலத் திருவிழாவில் கராத்தே செயல்விளக்கம் செய்யும்படி கேட்டிருந்தார்கள். பலகை உடைப்பது, கட்டா (தனியாளாக வரிசையாகச் செய்யும் அசைவுகள்) செய்வது என்று வழக்கமானவை இருக்கட்டும், ஒன்றரை நிமிடச் சண்டை ஒன்றும் அமைப்போம் என்று நான்தான் சொன்னேன். மனசுக்குள் அந்தப் பழைய அரங்கு இருந்தது. என்னோடு வேலை பார்த்த தோழிதான் எதிராளி. ஒன்றரை நிமிடம்தானே, நாலு மாலையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது. உதை எங்கே தொடங்கும் என்பதைவிட, அவள் தலை எங்கே இருக்கும் என்பதைத்தான் அதிகம் பேசினோம். அடிப்பவரின் வேலை கால்வாசிதான். அடி வாங்குவதுபோல் விழுகிறவர்தான் அந்த அடிக்கு உயிர் கொடுக்கிறார்.

கடைசி ஒத்திகையில் எனக்கு அவசரம். கீழே மகனை அழைத்துப் போகக் கணவர் வண்டியில் காத்திருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் அவள் லேசாகத் தலையசைப்பாள். அதன் பிறகுதான் நான் தொடங்க வேண்டும். அன்று அவள் நழுவிய கைக்காப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் தலையசைப்புக்குக் காத்திருக்கவில்லை. என் குதிகால் அவள் தாடையில் இறங்கிய சத்தம் எனக்கு இன்றும் கேட்கும். தாடை உடையவில்லை, ஒரு பல் போயிற்று, உதடு கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள்தான் என்னைத் தேற்றினாள்.

அதற்குப் பிறகு வந்த வாரத்தில், பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்க்காத அந்த நிகழ்ச்சியைத் தேடிப் பார்த்தேன். குற்ற உணர்ச்சிதான் தேட வைத்தது. இவர்கள் இதை எப்படி வாரந்தோறும் செய்தார்கள்?

நடித்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். 'ஒலிம்பியன்' என்ற பட்டப்பெயரோடு வந்த ஹெர்ப் பெரெஸ், கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோ, பதக்கப் பட்டியலில் சேராத காட்சி விளையாட்டாக இருந்த 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் முதலிடம் பெற்றவர். 'சூப்பர்ஸ்டார்' ஹோ-சுங் பாக், 'மோர்ட்டல் காம்பாட்' என்ற வீடியோ சண்டை விளையாட்டின் முதலிரண்டு பதிப்புகளில் லியூ காங் என்ற பாத்திரத்துக்கு உடலசைவு தந்தவர். 'ரெட் டிராகன்' கிறிஸ் கசமாசா, அப்பா தொடங்கிய கராத்தே பள்ளியில் வளர்ந்தவர். என் வயதுப் பெண்களுக்கெல்லாம் தெய்வமாக இருந்த 'லேடி லைட்னிங்' கிறிஸ்டின் பானன்-ரோட்ரிகஸ், போட்டிகளில் உலகப் பட்டங்கள் வாங்கியவர். இவர்களில் யாரும் நினைத்தால் எதிராளியை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்க முடியும். முழு வேகத்தில் கால்கள் சுழல்கின்றன, தலைமுடியை உரசிக்கொண்டு போகின்றன. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உதைக்கு முந்தைய கணத்தில் இருவர் கண்களும் சந்திக்கின்றன. சிறுமியாகப் பார்த்தபோது முறைக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

பதின்மூன்று வயதில் பொய் என்று நான் பிய்த்தெறிந்தது இதைத்தான். தாத்தா ஊர்த் திருவிழாவில் சிலம்பம் ஆடும்போது இதே பார்வையைப் பார்த்திருக்கிறேன். எதிரில் நின்றவர் அவருடைய மைத்துனர். கம்பு காதோரம் விர்ரென்று போகும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அதைப் பொய்ச்சண்டை என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

கராத்தேயிலேயே இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. யார் எங்கே தாக்குவது, எப்படித் தடுப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு இருவர் செய்யும் பயிற்சியை 'யாக்குசொக்கு குமித்தே' என்கிறோம். நூறு தடவை பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன், அந்தச் சொல்லின் பொருளை ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. 'யாக்குசொக்கு' என்றால் வாக்குறுதி. உன் முகத்தை நோக்கித்தான் குத்துவேன், நீ தயாரான பிறகே குத்துவேன், உன்னைக் காயப்படுத்த மாட்டேன். ஒத்திகை மாலையில் நான் மீறியது அந்த வாக்கைத்தான்.

அந்த ஆண்டிலிருந்து எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். இணைப் பயிற்சியில் தாக்குகிறவர் முதலில் எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும். எதிராளி தலையசைத்தால்தான் கை கிளம்பலாம். இது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. வேகம் குறைகிறது, போட்டியில் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்கள் என்று சில பெற்றோர் குறைப்பட்டார்கள். ஓரிருவர் வேறு கூடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, மாற்றம் இல்லை. தோழி இன்னும் என்னுடன்தான் வேலை பார்க்கிறாள். செவ்வாய்க்கிழமை வகுப்பு அவளுடையது.

போன மாதம் பச்சை பெல்ட் தேர்வு. மேசைக்குப் பின்னால் நாங்கள் இருவரும் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தோம். எதிரெதிரே இரண்டு சிறுமிகள். தாக்க வேண்டியவள், 'அண்ணனை அடிக்க' என்று எழுதிய அதே பெண். இப்போது பத்து வயது. மூச்சை இழுத்து நிலைக்கு வந்துவிட்டாள். எதிரில் நின்றவளின் பெல்ட் முடிச்சு அப்போது பார்த்து அவிழ்ந்து தொங்கியது. தேர்வறையில் எல்லோரும் பார்க்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு விரல் நடுங்கி முடிச்சு விழவே இல்லை. இவள் மெல்லக் கையைத் தாழ்த்தினாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்கவில்லை, கால் மாற்றவும் இல்லை. எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முடிச்சு விழுந்து, அந்தக் குழந்தை நிமிர்ந்து தலையசைத்த பிறகுதான் முஷ்டி மேலே வந்தது.

குத்து விழுவதற்கு முன்பே பக்கத்து நாற்காலியில் பேனா காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது. தோழி மதிப்பெண் போட்டு முடித்திருந்தாள்.