யாக்கோபும் அம்மம்மாவும்

போன மாதம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சாட்சி சொல்ல எழும்பின ஒருவர், "சுனாமிக்கு எங்கட வீட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வரல்ல, ஆண்டவர் எங்கள ஆசீர்வதிச்சவர்" என்றார். 2004 டிசம்பர் 26 இல் கல்லடியில் அம்மம்மாவின் வீட்டையும் சின்ன மகளையும், அதாவது என் சித்தியை, கடல் கொண்டுபோனது. சொன்னவருக்கு அது தெரியாததல்ல. வாயில் வந்துவிட்டது. அம்மம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு "ஆமென்" என்றார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

இரவு வேதாகமத்தைத் திறந்து உட்கார்ந்தேன். அதில் ஆசீர்வாதம் வேறு, பாக்கியம் வேறு. லூக்கா முதல் அதிகாரத்தில் எலிசபெத்து மரியாளை முதலில் ஆசீர்வதிக்கப்பட்டவள் என்கிறாள், மூன்று வசனம் தள்ளி விசுவாசித்தவளே பாக்கியவதி என்கிறாள். கிரேக்க மூலத்திலும் இரண்டு சொல். மலைப்பிரசங்கத்தில் இயேசு எடுப்பது இரண்டாவதை, மக்காரியோஸ். கனடா விசா வந்தாலும் கூரைக்கு ஓடு போட்டாலும் நாம் எழும்பிச் சொல்வது முதலாவதை. நான் துயரப்படுகிறேன், ஆகவே பாக்கியவான் என்று சாட்சி சொன்ன ஒருவரை இன்னும் நான் கண்டதில்லை.

'துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் ஆறுதலடைவார்கள்' என்பது மத்தேயு 5:4. அதில் 'துயரப்படுகிறவர்கள்' என்று வருவது செத்த வீட்டு அழுகைக்குச் சொல்கிற சொல். மகன் யோசேப்பு செத்துப்போனான் என்று நம்பி யாக்கோபு அழுத இடத்தில் பழைய ஏற்பாட்டின் பழங்கிரேக்க மொழிபெயர்ப்பும் அதே சொல்லைப் போட்டிருக்கிறது. பிள்ளைகள் எல்லாரும் ஆறுதல் சொல்ல வந்தும் யாக்கோபு இடங்கொடுக்கவில்லை. அந்த ஆறுதலும் 'ஆறுதலடைவார்கள்' என்பதிலுள்ள அதே வினைதான்.

அம்மம்மாவும் இடங்கொடுக்கிற ஆளில்லை. டிசம்பரில் யாராவது வந்து சித்தியின் பேரை எடுத்தால், "இரிங்க, தேத்தண்ணி போடுறன்" என்று குசினிக்குள் போய்விடுவார். வந்தவர் புறப்படும்வரை அங்கே ஏதாவது வேலை இருக்கும். அன்றைக்கு மட்டும் சாயம் கறுத்துக் கசக்கும், சீனியும் போட்டிருக்க மாட்டார். நாங்கள் பேசாமல் குடிப்போம்.

விடிந்ததும் இதையெல்லாம் அவரிடம் சொன்னேன், பெரிய கண்டுபிடிப்புப்போல. மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கையில் ஒட்டின செதிலைத் தட்டிவிட்டு, "யாக்கோபுக்கு யோசேப்பு திரும்பக் கிடைச்சான்தானே மகள்" என்றார்.

அப்புறம் மஞ்சள்தூள் போத்தலை எடுத்துத் தரச் சொன்னார்.