வலி எத்தனை நிமிடம் நீடிக்கிறது?

தலைவலி என்று மருத்துவரிடம் போகும்போது எங்கே வலிக்கிறது, எவ்வளவு கடுமையாக வலிக்கிறது என்பதையே நாம் விரிவாகச் சொல்கிறோம். வலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது, ஒரு நாளில் எத்தனை முறை வருகிறது என்பது பேச்சில் வருவதே இல்லை. பராக்ஸிஸ்மல் ஹெமிகிரேனியா என்னும் அரிய தலைவலியோடு வாழ்கிறவன் என்ற முறையில், நோயைக் கண்டறிவதற்கு அந்த இரண்டு கணக்குகளைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை என்றே நினைக்கிறேன்.

கண்ணைச் சுற்றியோ நெற்றிப்பொட்டிலோ எப்போதும் ஒரே பக்கத்தில் குத்துவதுபோல் வந்து சட்டென்று மறையும் இந்த வலியும் இதைப் போன்ற வேறு சில தலைவலிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வலிக்கும் பக்கத்துக் கண் சிவந்து நீர் வடிவதும், அதே பக்க மூக்கு அடைத்துக்கொள்வதும், இமை சற்றுத் தொங்குவதும் இக்குடும்பத்தின் அடையாளங்கள். முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டுசெல்லும் ட்ரைஜெமினல் நரம்பு தூண்டப்படும்போது, மூளைத்தண்டின் வழியாக ஓர் அனிச்சைச் செயல் கிளம்பிக் கண்ணீர்ச் சுரப்பியையும் மூக்கின் இரத்தக் குழாய்களையும் முடுக்கிவிடுகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மூளைப் படப்பதிவு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இக்குடும்பத்தின் உறுப்பினர்களைப் பிரித்தறியக் கடிகாரம் உதவுகிறது. க்ளஸ்டர் தலைவலி, சிகிச்சை இல்லாவிட்டால், 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும். ஒரு நாளில் எட்டு முறைக்கு மேல் பொதுவாக வராது. பராக்ஸிஸ்மல் ஹெமிகிரேனியா 2 முதல் 30 நிமிடம் வரை நீடித்து, நாளொன்றுக்கு ஐந்து முறைக்கு மேல் வரும். சன்க்ட் (SUNCT), சுனா (SUNA) என்று ஆங்கிலச் சுருக்கப் பெயர்களால் அழைக்கப்படும் இரண்டு தலைவலிகளும் இன்னும் குறுகியவை: ஒரு நொடி முதல் 600 நொடி வரை இருக்கும், சிலருக்கு ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை தாக்கும். கண் சிவத்தலும் நீர் வடிதலும் சேர்ந்தே வந்தால் சன்க்ட், அப்படிச் சேர்ந்து வராவிட்டால் சுனா.

பெயர் சரியாக அமைவது வெறும் வகைப்பாட்டு ஆசை அன்று, மருந்தே அதைப் பொறுத்துத்தான் மாறுகிறது. நார்வே நரம்பியல் மருத்துவர் ஒட்டார் ஷோஸ்டாட் தம் சக ஆய்வாளருடன் 1974-இல் விவரித்த பராக்ஸிஸ்மல் ஹெமிகிரேனியாவுக்கு இண்டோமெதசின் என்ற பழைய அழற்சி எதிர்ப்பு மருந்து அநேகமாக முழுமையாகவே வேலை செய்கிறது; அந்த மருந்துக்கு வலி அடங்குகிறதா என்பதே நோயை உறுதிசெய்யும் அளவுகோல்களில் ஒன்று. சோதனைக்கு நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் வரையிலும், தேவைப்பட்டால் 225 வரையிலும் மருத்துவர்கள் உயர்த்துவது வழக்கம் என்பதால், குறைந்த அளவை இரண்டு நாள் கொடுத்துவிட்டுப் பலனில்லை என்று கைவிடுவது நியாயமான சோதனை ஆகாது. ஆனால் இந்த மருந்து வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். ஆகையால் வயிற்றைக் காக்கும் மாத்திரையும் கூடவே தரப்படுகிறது. வலி அடங்கியதும் அளவைக் குறைத்து, எவ்வளவு குறைவாக இருந்தால் போதும் என்று பார்ப்பார்கள். நிறுத்தினால் பலருக்கு வலி திரும்பிவிடுகிறது.

சன்க்டும் சுனாவும் இண்டோமெதசினுக்குப் பணிவதில்லை. க்ளஸ்டர் தாக்குதலைத் தணிக்கும் ஆக்சிஜனும் சுமட்ரிப்டான் ஊசியும்கூட இங்கே பெரிதாக உதவுவதில்லை. வலிப்பு நோய்க்குத் தரப்படும் லாமோட்ரிஜின்தான் பொதுவாக முதல் தேர்வு. அரிதாக உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமையை அது உண்டாக்கக்கூடும் என்பதால், அளவை வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் கூட்ட வேண்டும். வலி தாங்காமல் தானாக அளவை உயர்த்திக்கொள்வது மிகவும் தவறு. தாக்குதல்கள் ஓயாமல் வரும் நாட்களில், மருத்துவமனையில் இதயத் துடிப்பைக் கண்காணித்தபடி லிடோகெய்ன் என்னும் மரப்பு மருந்தை இரத்த நாளம் வழியாகச் செலுத்துவதுண்டு.

முகத்தைத் தொட்டாலே, மெல்லும்போதே சன்க்ட் வலி கிளம்பக்கூடும் என்பதால் அதை ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்னும் முக நரம்பு வலி என்று எண்ணிவிடுவது எளிது. பல்வலி என்று நினைத்துப் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு. நியூரால்ஜியா பெரும்பாலும் கன்னத்திலும் தாடையிலும் வரும், கண்ணீர் அதிகம் இராது, ஒரு தாக்குதலுக்குப் பின் சிறிது நேரம் தொட்டாலும் வலி கிளம்பாத இடைவெளி இருக்கும். சன்க்டில் அந்த இடைவெளி பொதுவாக இல்லை.

எந்த வகையாக இருந்தாலும் முதன்முறை கண்டறியும்போது எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் தோன்றும் கட்டி இதே அறிகுறிகளோடு வரலாம். சன்க்ட் உள்ள சிலருக்கு ஓர் இரத்தக் குழாய் ட்ரைஜெமினல் நரம்பை அழுத்திக்கொண்டிருப்பது தெரியவரும். மருந்துகள் பயனளிக்காத அத்தகையோருக்கு அந்தக் குழாயை நரம்பிலிருந்து விலக்கிவைக்கும் அறுவைச் சிகிச்சையும் ஒரு வழியாக இருக்கிறது.