உபின் படகிலிருந்து பருந்துப் படம்: மூன்றாம் பயணம் வரை

சிங்கப்பூரின் சாங்கி முனைப் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் உபின் தீவுக்குப் பம்போட் (சிறு மோட்டார் படகு) கிளம்பும்; தலைக்கு 4 வெள்ளி (டாலர்). 12 பேருக்கான பணத்தையும் கட்டிவிட்டால் காத்திருக்க வேண்டாம். கேலோங் (கடலில் அமைத்த மீன்பிடி மேடை) பக்கம் சுற்றிவர வேண்டுமானால் படகோட்டியிடம் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

முதல் முறை ஷட்டர் வேகம் 1/1000 நொடி. பாதிக்கு மேல் கலங்கல். படகு ஓடும்போதைவிட, எஞ்சினைக் குறைத்து நிற்கும்போதுதான் பலகை அதிகம் உதறுகிறது. விளிம்பில் முழங்கையை ஊன்றினால் அந்த உதறல் நேரே லென்ஸுக்கு ஏறும். ஒற்றைக்கால் ஸ்டாண்டும் அப்படித்தான், வீட்டிலேயே இருக்கட்டும். முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, 1/2500, எஃப் 6.3, ஆட்டோ ஐஎஸ்ஓ என்று மாற்றியபின் தேறியது.

உட்காரும் பக்கமும் முக்கியம். காலையில் உபினுக்குப் போகும்போது வெயில் வலப்பக்கம். இடப்பக்கம் உட்கார்ந்தால் பறவை மேல் வெளிச்சம் விழும், திரும்பும்போது வலப்பக்கம். சூரியன் ஏழு மணிவாக்கில் எழும். ஒன்பதரைக்கு மேல் கானலில் தூரத்துப் படம் எதுவும் கூர்மையாக வராது.

இரண்டாம் பயணத்தில் வேறு சிக்கல். ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சார்) கேமராவில் ஜூம் லென்ஸ் 400 மி.மீ.யில் இருந்தால் 30 மீட்டரில் காட்டும் அகலம் சுமார் 1.75 மீட்டர். செம்பருந்து அதற்குள் அடங்கும். வெள்ளை வயிற்றுக் கடல் கழுகின் விரிந்த சிறகோ 2 மீட்டரை ஒட்டி வரும், நுனி வெட்டுப்பட்டது. கேலோங்கை நெருங்கும்போதே ஜூமை 250 மி.மீ.க்கு இறக்கி வைப்பது நல்லது.

செம்பருந்துக்கு வெளிச்சம் வைப்பதுதான் பெரிய வேலை. கும்பாபிஷேகத்தன்று கோபுரத்துக்கு மேலே அண்ணாந்து தேடுவோமே, அதே கருடன்தான். தலையும் மார்பும் வெள்ளை, மற்றது பெரும்பாலும் செங்காவி. கண்டல் மரம் பின்னால் இருந்தால் கேமரா இருட்டென்று ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். தலை வெறும் வெள்ளைத் திட்டாகும். அங்கே வெளிச்ச ஈடு (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) −0.7. வானம் பின்னால் இருந்தால் +1. இரண்டையும் கேமராவின் சி1, சி2 என்ற சொந்த அமைப்பு இடங்களில் முறையே சேமித்து வைத்தோம். வானத்துக்கு அகல ஃபோகஸ் சரி. தண்ணீரை ஒட்டிப் பறக்கையில் அது அலையின் மினுக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், எனவே சி1-இல் சின்ன ஃபோகஸ் கட்டம்.

கடல் கழுகு தாழ்வாகச் சறுக்கி வரும். இரு காலையும் முன்னே நீட்டியதும் பொத்தானை அழுத்துங்கள். அதற்கு முன்பே தொடங்கினால் மீனைத் தூக்கும் நேரத்தில் பஃபர் (எடுத்த படங்களைக் கேமரா தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) நிரம்பிவிடும். செம்பருந்து பிடித்ததைப் பறந்தபடியே கொத்தித் தின்னும் என்பதால் அதன் பின்னாலேயே தொடரலாம்.

லங்காவியில் படகிலிருந்து கோழித்தோல் வீசுவதைப் பார்த்துவிட்டு இங்கே முயலாதீர்கள். அனுமதியின்றி வனவிலங்குக்குத் தீனி போட்டால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம். வீசிய தீனிக்குத்தான் பறவை பாய்கிறது என்பது படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அது வேறு விஷயம்.

ஏர்கான் அறையிலிருந்து எடுத்த கேமராவைப் பையிலேயே அரைமணி நேரம் விடுங்கள், இல்லையேல் கண்ணாடி பனித்துவிடும். திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பை ஒற்றி எடுங்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்தூள் கீறும்.

விராலடிப்பான் (ஆஸ்ப்ரே என்ற மீன்பிடிப் பருந்து) மட்டும் மூன்று பயணத்திலும் ஒழுங்காக விழவில்லை. ஓரிடத்தில் சிறகடித்து நின்று திடீரென்று கீழே பாய்கிறது. கட்டத்தை விட்டு நழுவிவிடுகிறது. அடுத்த முறை 200 மி.மீ.யில், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்க்க வேண்டும்.